எழுவாய் பிந்தும் பாட்டும் வினா முந்தும் பாட்டும்: குறுந்தொகை 3, 40

குறுந்தொகையின் 3ஆம் பாடலும் 40ஆம் பாடலும் குறிஞ்சித் திணையின. இரண்டும் காதலின் அளவையே பேசினாலும், அவற்றின் தொடரமைப்பு எதிரெதிர்த் திசையில் செல்கிறது.

தேவகுலத்தாரின் 3ஆம் பாடலில் ‘நிலத்தினும் பெரிதே’ என்று பயனிலை முதலில் வருகிறது. வானினும் உயர்ந்தது, நீரினும் அளத்தற்கு அரியது என மேலும் இரு பயனிலைகள் அடுக்கப்படும் வரை எது அவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியாது. அதன் பிறகும், கரிய கொம்புகளையுடைய குறிஞ்சியின் பூவிலிருந்து தேன் திரளும் மலைச்சாரலைக் கடந்த பின்னரே, பாட்டின் இறுதிச் சொல்லாக ‘நட்பே’ என்ற எழுவாய் கிடைக்கிறது. ‘நாடனொடு நட்பு நிலத்தினும் பெரிது’ என உரைநடையாக்கினால் (சொற்களை இடம் மாற்றிப் பொருள் கொள்ளும், பள்ளியில் நாம் பழகிய கொண்டுகூட்டு முறை அதைத்தான் செய்கிறது) தலைவியின் வியப்பு வெறும் செய்தியாகச் சுருங்கிவிடும்.

செம்புலப் பெயனீரார் பாடிய 40ஆம் பாடலில் இந்தத் தலைகீழ் வரிசை இல்லை. ‘யாயும் ஞாயும்’, ‘எந்தையும் நுந்தையும்’, ‘யானும் நீயும்’ என எழுவாய்கள் இணையிணையாக முன்னே நிற்க, ஒவ்வோர் அடியும் தனித்தனி வினாவாக முடிகிறது. உறவற்ற இருவரின் விலகலை அந்தத் துண்டு வினாக்களே காட்டுகின்றன. கடைசி இரண்டு அடிகள் மட்டும் ஒரே தொடராக ஓடி ‘கலந்தனவே’ என்னும் வினையில் முடிகின்றன. சொற்களை இடம் மாற்றினாலும் இப்பாடல் பெரிதும் குலையாது. வினாக்களை ஒன்றாக இணைத்தால்தான் குலையும். இரண்டில் துணிவான அமைப்பு 3ஆம் பாடலுடையதே என்பது என் கணிப்பு.