மாற்று சிகிச்சைப் பிரிவில் பராமரிப்பாளர் பயிற்சி: ஒரு மதிப்புரை

ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை நோயாளிக்குச் செலுத்தும் மாற்று சிகிச்சையை அளிக்கும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பவர்கள் மருத்துவர் யார், வசதிகள் என்ன என்றெல்லாம் விசாரிக்கிறார்கள்; நோயாளியுடன் தங்கிப் பார்த்துக்கொள்ளப் போகிறவரை அந்தப் பிரிவு எப்படித் தயார்படுத்துகிறது என்று கேட்பவர்கள் அரிது. என் அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய்க்காக எங்கள் தம்பியின் ஸ்டெம் செல்கள் செலுத்தப்பட்டபோது, உடனிருக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்த மருத்துவமனை பராமரிப்பாளர்களுக்கு அளிக்கும் பயிற்சி, கையேடு, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய தொலைபேசி உதவி ஆகியவற்றைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். சிகிச்சையின் தரத்தை எடைபோடும் தகுதி எனக்கில்லை.

இவற்றுள் சிறந்தது பயிற்சிதான். நோயாளியின் மார்பில் பொருத்தப்படும் சென்ட்ரல் லைன் என்ற மெல்லிய குழாய், மருந்தும் ரத்தமும் ஏற்றுவதற்கும் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதற்கும் பயன்படுகிறது. நோய் எதிர்ப்புச் சக்தி அறவே குன்றிய உடலில் அதுவே கிருமிகள் நுழையும் வழியாகவும் ஆகிவிடக்கூடும். வீடு திரும்பிய பின் அதைச் சலைன் செலுத்தி அடைப்பின்றி வைத்திருப்பது உடனிருப்பவரின் வேலை. இதைக் கற்பித்த மூத்த செவிலியர், குழாய் பொருத்திய ரப்பர் பொம்மை ஒன்றை மேசையில் கிடத்தி, "புரிந்ததா என்று நான் கேட்கப் போவதில்லை, நீங்களே செய்து காட்டுங்கள்" என்றார். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, குழாயின் முனையை ஆல்கஹால் பஞ்சால் 15 வினாடிகள் அழுத்தித் தேய்த்து, அது தானாக உலரும்வரை பொறுத்திருந்து, சிரிஞ்சிலுள்ள காற்றை வெளியேற்றிய பிறகு, சலைனை ஒரேயடியாகச் செலுத்தாமல் சற்றுத் தள்ளி, சற்று நிறுத்தி, மீண்டும் தள்ள வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் முனை சீக்கிரம் உலரட்டும் என்று கையால் விசிறியதும், அவரை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். அந்தக் கண்டிப்பு சிலருக்கு எரிச்சலூட்டியது. எனக்கு அதுதான் நம்பிக்கை அளித்தது.

இவ்வளவு நல்ல பயிற்சியை டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் வைத்திருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மருந்துப் பட்டியலும் அடுத்தடுத்த பரிசோதனைத் தேதிகளும் அதே நாளில்தான் கைக்கு வருகின்றன. அதற்கு முந்தைய வாரங்களிலோ உடனிருப்பவருக்குச் செய்வதற்கு அதிகம் இருப்பதில்லை. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500ஐ எட்டித் தொடர்ந்து மூன்று நாட்கள் நிலைத்தால் புதிய செல்கள் வேரூன்றிவிட்டதாகக் கொள்கிறார்கள். மற்றவரின் செல்களைப் பெற்றவர்களுக்குப் பொதுவாக இதற்கு 2 முதல் 4 வாரங்கள் ஆகின்றன. வாய்ப்புண்ணுடன் இருப்பவரை வாய் கொப்பளிக்க வைப்பது, நாலடி நடக்க வைப்பது, காலையில் கவுண்ட் வருவதை எதிர்பார்த்திருப்பது என்று கழியும் அந்த வாரங்களில் இதே பயிற்சியைச் சிறிது சிறிதாகத் தந்திருக்கலாம்.

கையேட்டைப் பற்றி அவ்வளவு நல்லவிதமாகச் சொல்ல இயலாது. தம்முடைய செல்களையே திரும்பப் பெறுபவர்களுக்கும் மற்றவரின் செல்களைப் பெறுபவர்களுக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுக்கிறார்கள். உறையவைத்த செல்களுடன் சேர்ந்திருக்கும் டிஎம்எஸ்ஓ என்ற வேதிப்பொருளால் நோயாளியின் மூச்சில் ஓரிரு நாட்கள் பூண்டு போன்ற வாடை வரும் என்பது அதில் விரிவாக உள்ளது. தம்பியிடமிருந்து எடுத்த செல்களை உறையவைக்காமலே செலுத்திய எங்களுக்கு அது பொருந்தவில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் இருக்கும் அளவை அறிய ரத்தம் எடுக்கும் நாளில், ரத்தம் எடுத்து முடியும்வரை காலை வேளை மாத்திரையைக் கொடுக்கக் கூடாது என்ற குறிப்போ, பின்பக்க அட்டவணையொன்றில் பொடி எழுத்தில் இருந்தது. மாத்திரையை முன்னதாகக் கொடுத்துவிட்டால் அளவு கூடுதலாகத் தெரியும். மருத்துவர் அதை நம்பி மருந்தைக் குறைத்துவிட நேரலாம். இந்த வரியை அட்டையிலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

கொடையாளியின் எதிர்ப்பு அணுக்கள் நோயாளியின் உடலை அந்நியமாகக் கருதித் தாக்கும் ஜிவிஹெச்டி பற்றிய பக்கங்கள் தெளிவானவை. தோலில் தடிப்பு, நீராகப் போகும் வயிற்றுப்போக்கு, மஞ்சள் பூத்த கண்கள் என்று கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறார்கள். படங்கள் மட்டும் வெளிர் நிறத் தோலில் எடுக்கப்பட்டவை. கருநிறத் தோலில் அந்தத் தடிப்பு சிவப்பாகத் தெரியாமல், சுற்றிலும் உள்ள நிறத்தைவிடக் கருமையாகவோ ஊதா சாயலுடனோ தோன்றலாம். சிவப்பை மட்டும் தேடுபவர் அதைத் தவறவிட வாய்ப்புண்டு.

தொலைபேசி உதவியின் தரம் வேளைக்கு வேளை மாறுகிறது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துக் குறைத்துப் பார்க்காமல், எந்த நேரமானாலும் உடனே அழைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புகிறார்கள். வார நாட்களில் நள்ளிரவில் அழைத்தாலும் மாற்று சிகிச்சைப் பிரிவின் செவிலியரே பேசினார். அக்காவின் விவரங்கள் அவர் முன்னால் இருந்தன. வார இறுதியில் அதே எண் பொது வரவேற்பு மேசைக்குப் போகிறது. அங்கே நோயின் பெயரிலிருந்து எல்லாவற்றையும் சொல்லத் தொடங்க வேண்டியிருந்தது. காய்ச்சலுக்குக் கிழமை தெரியாது என்பதை நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை போலும்.

இந்தச் சேவையின் பெருங்குறையாக நான் கருதுவது, ஒரு நோயாளிக்கு ஒரே ஒருவருக்குத்தான் பயிற்சி என்ற அதன் விதி. முதல் 100 நாட்கள் நோயாளியுடன் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும் என்று சொல்லும் அதே பிரிவு, உடனிருப்பவருக்குச் சளி பிடித்தால் அவர் உடனடியாக விலகியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சாதாரணச் சளி வைரஸ்கூட அந்த நிலையில் நுரையீரல் வரை இறங்கி ஆபத்தாக முடியலாம் என்பதால், அது நியாயமான அறிவுரைதான். ஆனால் விலகியிருக்கும் நாட்களில் சென்ட்ரல் லைனை யார் பார்ப்பது? தம்பிக்கும் பயிற்சி வேண்டுமென்று கேட்டபோது, இடமில்லை என்ற பதிலே கிடைத்தது. செல்களைத் தானம் செய்வதற்காக ஊசி போட்டுக்கொண்டு எலும்பு வலியைப் பொறுத்துக்கொண்ட ஒருவருக்கு, அந்த மேசையருகே ஒரு நாற்காலி போடுவதில் என்ன சிரமம் இருந்திருக்கும் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. பராமரிப்பாளரின் தூக்கத்தைப் பற்றியும் கையேட்டில் ஒரு பத்திதான் இருக்கிறது. அதுவும் போதிய ஓய்வெடுங்கள் என்று சொல்வதோடு முடிந்துவிடுகிறது.

பயிற்சிக்காக ஐந்தில் நான்கு, கையேட்டுக்கு இரண்டு, தொலைபேசி உதவிக்கு மூன்று மதிப்பெண் தருவேன். இத்தகைய பிரிவு எதில் சேர்வதானாலும், அனுமதிக்கு முன்பே பயிற்சி எப்போது தொடங்கும், இரண்டாவது நபரைச் சேர்த்துக்கொள்வார்களா, வார இறுதியில் அழைப்பை யார் எடுப்பார்கள் என்று கேட்டுப் பதிலை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. தடுப்பூசி அட்டவணையையும் அப்போதே கேளுங்கள். மாற்று சிகிச்சையில் பழைய எதிர்ப்புச் சக்தி பெரிதும் அழிந்துவிடுவதால், சிறுவயதில் போட்ட தடுப்பூசிகள் பலவற்றை மீண்டும் போட வேண்டியிருக்கும். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் கழிந்த பின்னரே, அதுவும் மருத்துவரின் அனுமதியுடன்தான் போடுகிறார்கள். எங்களுக்கு அந்த அட்டவணை நாங்களாகக் கேட்ட பிறகே கிடைத்தது.