ஸ்டீம் அயர்ன் பாக்ஸ்: 14 மாசத்தில் செத்ததும், ஏழு வருஷமாக ஓடுவதும்

திருப்பூரில் பனியன் கம்பெனி பினிஷிங் செக்‌ஷனில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன் நான். நாள் முழுக்க ஆவிக்கு நடுவில்தான் பொழுது போகும். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வாங்கிய முதல் ஸ்டீம் அயர்ன் பாக்ஸ் 14 மாசத்தில் செத்தது என்றால் வெட்கக்கேடுதான். 2017-ல் வாங்கியது. வாரண்டி ஒரு வருஷம், அது முடிந்து ரெண்டே மாசம்.

பையனின் வெள்ளை யூனிஃபார்ம் சட்டை. காலை ஏழரை மணி. காலரை முடித்துவிட்டு முதுகுப் பக்கம் வந்து பட்டனை அழுத்தினால், ஆவிக்குப் பதில் டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணி பீய்ச்சி அடிக்கிறது, கூடவே சுண்ணாம்புத் துகள். பெட்டியை ஆட்டிப் பார்த்தேன், உள்ளே கலகலவென்று சத்தம்.

ரிப்பேர் கடைக்காரர் அடித்தட்டைத் திருப்பி, துளைக்குள் ஒரு ஊசியை விட்டுக் குத்தினார். வாட்டர் ஹீட்டர் ராடில் படியுமே, அதே வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தது.

"உப்புத் தண்ணி ஊத்துனீங்களாங்ணா?"

"ஆமாங்க, குழாய்ல வர்றதுதான்."

"மிச்சத் தண்ணியக் கீழ ஊத்திட்டு வெப்பீங்களா?"

நான் பேசவில்லை. கம்பெனியில் பாய்லருக்குப் போகிற தண்ணி, சுண்ணாம்பு உப்பைப் பிரித்தெடுக்கும் சாஃப்ட்னர் வழியாகத்தான் போகும். தினமும் அதைப் பார்த்தவனுக்கு வீட்டில் மட்டும் உறைக்கவில்லை.

அடுத்ததை 2018 கடைசியில் வாங்கினேன். இன்றைக்கும் ஓடுகிறது. பிராண்ட் எதுவென்று கேட்காதீர்கள்; அந்த மாடல் இப்போது கடையில் இல்லை. இது இத்தனை நாள் தாங்குவதற்குப் பாதிக் காரணம் தண்ணிதான் என்பது என் கணிப்பு. எங்கள் போர் தண்ணியில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 1,100-க்கு மேல் காட்டும், சமையலறை ஆர்ஓ தண்ணி 60-க்குள். இப்போது ஆர்ஓ தண்ணி மட்டும்தான். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணியைப் பிடித்து ஊற்றச் சொன்னார் மச்சான். உப்பு இருக்காது, வாஸ்தவம். ஆனால் ஏசிக்குள் இருக்கும் தூசியும் பாசியும் சேர்ந்தே வரும். ஒரு வாரம் ஊற்றிப் பார்த்தேன், சட்டையில் ஈரத்துணி வாடை. வினிகரும் ஊற்றவில்லை, மேனுவலிலேயே கூடாது என்று போட்டிருக்கிறது. மாசம் ஒருமுறை செல்ஃப் கிளீன்: தண்ணியை நிரப்பி, முழுச் சூடு ஏற்றி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிங்க் மேல் பிடித்து ஆட்டினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். தேய்த்து முடித்ததும் மிச்சத் தண்ணியைக் கொட்டிவிடுகிறேன்.

வாங்கும்போது கடையில் வாட்ஸ் சொல்லித்தான் மயக்குவார்கள். என்னுடையது 1,250 வாட்ஸ். 230 வோல்ட்டுக்கு ஐந்தரை ஆம்பியர் இழுக்கும், பெட்ரூமில் இருக்கும் சாதாரண 6 ஆம்பியர் பாயிண்டே போதும். 2,000 வாட்ஸ் என்றால் ஒன்பது ஆம்பியர் பக்கம் போகும், 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். எங்கள் வீட்டில் அது ஏசிக்கும் கீசருக்கும்தான் இருக்கிறது. பாத்ரூம் வாசலில் நின்றா தேய்ப்பது? அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ஆவிக் கணக்கையும் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். ஒரு கிராம் கொதிநீரை ஆவியாக்கவே ஏறக்குறைய 2,260 ஜூல் வேண்டும், பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கும் சூடு தனி. 1,250 வாட்ஸ் பெட்டி எவ்வளவு முக்கினாலும் நிமிஷத்துக்கு 30 கிராமுக்கு மேல் தொடர்ந்து தராது. அதற்கு மேல் போட்டிருந்தால், அது அடித்தட்டில் சேர்ந்திருக்கும் சூட்டை வைத்து ஒரு நொடி அடிக்கும் பூஸ்ட்.

அடித்தட்டு: முதல் பெட்டியில் நான்ஸ்டிக். சுடிதார் ஜிப்பும் பேண்ட் ஹூக்கும் பட்டு ஆறே மாசத்தில் கீறல். இதில் செராமிக், ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு போனதோடு சரி. கஞ்சி போட்ட வேட்டியை மட்டும் இதில் வைப்பதில்லை. ஆவியின் ஈரத்தில் கஞ்சி இளகித் தட்டில் ஒட்டி, பழுப்பேறி, அடுத்த துணியில் கோடு போட்டுவிடும். அதற்கு அப்பா காலத்து கனமான டிரை அயர்ன் பாக்ஸ் இன்னும் இருக்கிறது. பாரத்தில் அழுந்தி வரும் மொடமொடப்புக்கு ஸ்டீம் ஈடாகாது.

குறை இல்லாமல் இல்லை. ஸ்பிரே பட்டன் ரெண்டாம் வருஷமே படுத்துவிட்டது. மாற்றவில்லை, பக்கத்தில் ஒரு ஸ்பிரே பாட்டில் வைத்துக்கொள்கிறேன். நாலாம் வருஷம் ஒயர், கைப்பிடியை விட்டு வெளியே வரும் கழுத்தில் உள்ளுக்குள்ளேயே முறிந்து, லைட் எரிவதும் அணைவதுமாக இருந்தது. சூடாக இருக்கும்போதே பெட்டியைச் சுற்றி ஒயரை இறுக்கிச் சுற்றி வைத்த புண்ணியம். நல்லவேளை, பின்பக்க மூடியில் சாதாரண ஸ்க்ரூ. பத்து நிமிஷத்தில் அதே கடைக்காரர் புது ஒயர் மாட்டிக் கொடுத்தார். சில மாடல்களில் மூடியைப் பிளாஸ்டிக் லாக் போட்டோ, முக்கோணத் தலை ஸ்க்ரூ வைத்தோ மூடியிருப்பார்கள், சாதாரண ஸ்க்ரூடிரைவர் பிடிக்காது. இப்போது தங்கச்சிக்கு ஒன்று வாங்கப் போனபோது, விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைத் திருப்பி அந்த மூடியைத்தான் பார்த்தேன். கடைப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.