உடைமரத்துக்கு ஜேசிபி, உண்ணிக்கு மம்பட்டி: எது எங்கே செல்லும்?

எங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே ஒரு முள்வேலிதான் எல்லை. அந்தப் பக்கம் வனத்துறைக் காடு. ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்து மூன்று ஏக்கரில் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலை ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்தோம். தூரோடு எடுத்துத் தருகிறேன் என்று சொன்ன காண்டிராக்டர், பாதி மரத்தைத் தரையோடு ஒடித்து, மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். ஒற்றைத் தண்டாக நின்ற மரம் அடுத்த சித்திரைக்குள் ஏழெட்டுத் தண்டாக எழும்பிவிட்டது. அதிலிருந்து காட்டுக்குள் இதே வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரிக்கிற பழக்கம் வந்தது.

முதலில் பெயர்க் குழப்பம். எங்கள் பக்கம் 'உடை' என்பது குடை மாதிரி விரிந்து நிற்கும் நாட்டு மரம். பிறகு வந்த சீமைக்கருவேலுக்கும் அதே பேர் ஒட்டிக்கொண்டது. உண்ணிச்செடி (லன்டானா) வேறு. அது 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்து இறங்கி, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. சீமைக்கருவேல் 1870களில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் கொண்டுவந்தது. பொட்டலும் குளமும் சீமைக்கருவேலுக்கு என்றால், களக்காடு, முண்டந்துறைப் பக்கத்து மலையடிவாரமும் காட்டோரமும் உண்ணிக்கு. இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நினைத்தால் காசுதான் போகும்.

ஜேசிபியின் பலம் வேகம். நாலு ஆள் ஒரு வாரம் செய்கிற வேலையை ஒரு பகலில் முடித்துவிடும். சீமைக்கருவேலின் மறுதுளிர் மொட்டுகள் தரைக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேர்கிற இடத்தில் இருக்கின்றன. அதற்கும் கீழே பெயர்த்தால்தான் மரம் சாகும், அதற்கு இயந்திரம் தோதானது. வற்றிய குளத்துக்குள் இதைவிட நல்ல வழி கிடையாது. காட்டுக்குள்தான் சிக்கல். மண்ணைப் புரட்டும்போது உள்ளே வருஷக்கணக்காகத் தூங்கும் விதையெல்லாம் மேலே வருகிறது, முதல் மழைக்கு முளைத்துக்கொண்டு நிற்கிறது. பாறைச் சரிவில் வண்டி ஏறாது, ஏறினால் மண் அரிக்கும். இன்னொன்று, ஓட்டுநருக்கு எல்லாம் முள்மரம்தான். நாட்டுக் கருவேலுக்கு மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்த மாதிரிக் காய். சீமைக்கருவேலுக்குக் கதிர் போன்ற பூ, நீள நெத்து. இருக்கைமேல் உட்கார்ந்து பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுவது குளத்துக்குள் நிற்கும் நாட்டுக் கருவேலில். அங்கே ஜேசிபியின் வாளி ஒருமுறை தப்பாக விழுந்தால் அந்தப் பருவத்துக் கூடு போச்சு.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலை அகற்றச் சொன்னபோது தென் மாவட்டமெங்கும் இயந்திரங்கள் இறங்கின. அதே ஆண்டு, முதலில் ஆய்வு செய்யுங்கள் என்று தடையும் வந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்பதுதான் என் எண்ணம்.

உண்ணிக்கு இயந்திரம் வேண்டாம், கைதான். ஆனால் கையிலும் தப்பான வழி, சரியான வழி உண்டு. அரிவாளால் தரையோடு சீவிவிட்டால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். பிறகு அடர்த்தியாகத் துளிர்த்து, முன்னைவிட மோசமாகும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு கார்பெட் காட்டில் செய்து காட்டிய முறை எளிமையானது. செடியைச் சுற்றித் தோண்டி, ஆணிவேரைத் துளிர்க்கும் பகுதிக்குச் சற்றுக் கீழே வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது. வேர் வெயிலில் காய்ந்துவிடும், மண் அதிகம் கலங்காது. எங்கள் ஊர் மம்பட்டியும் கடப்பாரையும் இதற்குத் தாராளமாகப் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகியிருக்கும்போது செய்தால் பாதி உழைப்பு மிச்சம்.

இந்த முறையின் பாதி வேலை வெட்டியபின்தான். உண்ணிப் பழத்தைக் கொண்டைக்குருவி தின்று, உட்காருகிற மரத்தடியில் விதையைப் போடுகிறது. மறுமழைக்கு அந்த மரத்தடிகளைத் தேடிப்போய் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். அதற்கடுத்த மழைக்கும் வேண்டும். இதற்கு அந்தக் காட்டில் எந்த மரத்தில் எந்தக் குருவி அடைகிறது என்று தெரிந்த ஆள் வேண்டும். பாபநாசம் மேலே வாழும் காணிக்காரப் பழங்குடிகளுக்கு அது தெரியும், டெண்டர் எடுத்து வெளியூரிலிருந்து வருகிற ஆட்களுக்குத் தெரியாது. செலவு என்று பார்த்தால் கைமுறை முதல் வருஷத்தில் ஜேசிபியைவிடக் கூடத்தான் வரும். நான் இரண்டையும் மூன்றாவது வருஷத்தில் வைத்து ஒப்பிடுவேன்.

சரி, வெட்டியதை விற்றால் செலவு திரும்புமே என்பார்கள். சமவெளிப் பொதுநிலத்துக்கு இது நல்ல யோசனை. சீமைக்கருவேல் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் எப்போதும் கிராக்கி உண்டு. மரத்துக்குப் பதிலாக நிலத்தைச் சுத்தம் செய்து கொடு என்று ஏலம் விடலாம். ஆனால் வியாபாரிக்குத் தேவை கட்டை, தூர் இல்லை. எட்டிய வரை அறுத்துக்கொண்டு போவார், தூரை விட்டுவிடுவார், நாலு வருஷம் கழித்துத் திரும்பி வருவார். அவர் கணக்கில் அது பயிர்! தூரைக் காட்டினால்தான் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் நாமே மரம் வளர்த்துக் கொடுப்பதாக முடியும்.

சரணாலயத்துக்குள் இந்தக் கணக்கே வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்திலிருந்து அகற்றும் வன விளைபொருளைச் சுற்றிலும் உள்ளவர்கள் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம், வியாபாரத்துக்கு ஆகாது. முதுமலையில் மஞ்சள் கொன்றை என்ற அந்நிய மரத்தைக் காகித ஆலைக்குக் கொடுப்பதற்குத் தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. களக்காடு முண்டந்துறை 1988-லிருந்து புலிகள் காப்பகம், மாநிலத்தில் முதலாவது. அங்கே லாரி ஓட்டி விற்று ஈடுகட்டலாம் என்று திட்டம் போடுவதில் பயனில்லை. கர்நாடகத்தில் சோலிகர் பழங்குடிகள் உண்ணித் தண்டை அவித்து நாற்காலி, கூடை முடைகிறார்கள். கைக்கு வேலை தரும் நல்ல தொழில், ஆனால் ஒரு காட்டையே காலி செய்யும் அளவுக்கு நாற்காலி யாருக்கும் தேவைப்படாது.

மரப்பட்டையை வளையமாக உரித்துக் காயவிடுவது பெரிய மரங்களுக்குத்தான். கவனக்குறைவாக உரித்தால் கீழேயிருந்து துளிர்க்கும், அதனால் அதிகம் பேச ஒன்றுமில்லை.

மருந்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லலாம். ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலங்களில் அடிமரத்தில் டீசலோடு களைக்கொல்லியைக் கலந்து தடவுகிறார்கள், பலிக்கிறது. பொதிகையில் அது வேண்டாம். கீழே காரையாறு, பாபநாசம், அப்புறம் தாமிரபரணி, நம் வீட்டுக் குழாய்.

பூச்சி விடுவது கேட்க நன்றாக இருக்கும், ஆளும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். 1941-ல் உண்ணிக்கு எதிராக ஆஸ்திரேலியாவிலிருந்து டேராடூனுக்கு ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். சோதனையில் அது தேக்குப் பூவையும் கடிப்பது தெரிந்து, வளர்த்ததை அழித்தார்கள். அதற்குள் சில தப்பித்துவிட்டன. இப்போது அது பரவியிருக்கிறது, கோடையில் இலையை உதிர்க்கிறது, மழைக்கு உண்ணி மறுபடி தழைத்துவிடுகிறது. இப்படி எண்பது வருஷம் ஓடிவிட்டது.

ஆக என் தேர்வு: குளத்துக்கும் பொட்டலுக்கும் ஆள் நின்று பார்க்கும் ஜேசிபி, மலைக்குக் கை. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்கென்றே கொள்கை கொண்டுவந்து, அகற்றியபின் காட்டை மீட்பதையும் அதிலேயே சேர்த்தது. மீட்பு என்றால் எல்லா இடத்திலும் மரம் நடுவதில்லை. வல்லநாட்டு வெளிமானுக்குப் பேரிலேயே வெளி இருக்கிறது. அங்கே நாம் ஆசையாக வேம்பு நட்டாலும் அதற்கு அது இன்னொரு புதர்தான். புல் வர வேண்டும்.

எங்கள் வேலிக்கு வருகிறேன். வனத்துறை அந்தப் பக்கம் சுத்தம் செய்தாலும் முளைப்பது நிற்காது, ஏனென்றால் எங்கள் ஆடு இந்தப் பக்கம் நெத்தைத் தின்று அந்தப் பக்கம் போய்ப் புழுக்கை போடுகிறது. விதை ஆட்டின் வயிற்றைத் தாண்டி முளைக்கும். நெத்தை அரைத்துக் கொடுத்தால் விதை நசுங்கிவிடும் என்று அறிந்து, இரண்டு வருஷமாக நெத்து உதிரும் மாதத்தில் ஆட்டைக் கிடையிலேயே அடைத்து வைத்து அப்படிச் செய்கிறோம். மாவு மில்காரர்தான் ஒத்துவரமாட்டேன் என்கிறார். நெத்தில் இருக்கும் இனிப்பு கல்லில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறதாம், அடுத்து வருபவர்களின் கம்பெல்லாம் தித்திக்கிறதாம்.