சிப்பாய் தாத்தாவின் ஊரைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று 42,000 ரூபாய் பிடுங்கினார்கள். சென்னையில் இருப்பவர்கள் ஜாக்கிரதை

நேற்று சாயங்காலம்தான் கடைசி பதில் வந்தது. "பணத்தைத் திருப்பித் தர எங்கள் விதிகளில் இடமில்லை." 42,000 ரூபாய்! பெயர் போட்டால் வழக்கு போடுவேன் என்று மிரட்டியிருப்பதால் பெயர் போடவில்லை. முன்னோர்களைத் தேடித் தருவதாக முகநூலில் விளம்பரம் செய்கிற, நகரத்துக்குள் ஒரு மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிற குடும்ப வரலாறு சேவை. மாட்டியவர்களுக்கு இதுவே போதும், புரிந்துவிடும்.

என் அம்மாவின் தாத்தா முதல் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். இராக்கில் இருக்கிற பஸ்ராவுக்குப் போனார், திரும்பி வரவில்லை. தாத்தாவின் மனைவியான ஆயா சொல்லி அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கைக்குழந்தையோடு ஆயா பெரம்பூருக்கு வந்து சேர்ந்ததில் சொந்த ஊரோடு இருந்த தொடர்பே அறுந்துவிட்டது. வீட்டில் மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று, போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்த வெண்கல வட்டத் தகடு. பிரிட்டனின் சின்னமான பிரிட்டானியா என்ற பெண் உருவமும் சிங்கமும் இருக்கும், பக்கத்தில் தாத்தா பெயர். அதில் பதவியும் கிடையாது, படை எண்ணும் கிடையாது. இன்னொன்று வெள்ளிப் பதக்கம். அதன் விளிம்பில்தான் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறது. தாத்தாவின் ஊர் எது, அவருடைய அப்பா பெயர் என்ன, கூடப்பிறந்தவர்கள் வழியில் யாராவது இருக்கிறார்களா என்பதைத் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று அம்மா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சேவையின் ஆள் வீட்டுக்கே வந்தார். வெண்கலத் தகட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்க கொள்ளுத் தாத்தாவும் டாங்காவில் செத்தவர்தாம்மா, கிழக்கு ஆப்பிரிக்காவில். உங்க வலி எனக்குத் தெரியும்" என்றார். அம்மா அழுதுவிட்டார். காபி போட்டுக் கொடுத்து, பாட்டியின் பெட்டியில் இருந்த பழைய காகிதங்களை எல்லாம் எடுத்து முன்னால் வைத்தார். "ஊர் பேரோட வரேம்மா, நீங்க நிம்மதியா இருங்க" என்று அம்மாவின் காலைத் தொட்டுவிட்டுப் போனார் அந்த மனுஷன். பின்னால் வேலூரில் இதே ஆளிடம் ஏமாந்த ஒருவரிடம் பேசினேன். அவரிடம் சொன்ன கதையில் கொள்ளுத் தாத்தா 1942-ல் சிங்கப்பூரில் செத்திருக்கிறார்! எழுபத்தைந்து வயதுப் பெண்மணியின் கண்ணீரை வைத்து வியாபாரம் செய்திருக்கிறார்.

பதக்கத்தையும் கேட்டார், லேபில் வைத்துப் படிக்க வேண்டுமாம். "அது மட்டும் இந்த வீட்டை விட்டுப் போகாது தம்பி, போட்டோ எடுத்துக்கோங்க" என்று அம்மா சொல்லிவிட்டார். நல்ல வேளை.

முன்பணம் 15,000. அப்புறம் லண்டனில் பதிவேட்டை நகல் எடுக்க 20,000. அப்புறம் ரோமன் உருதுவில், அதாவது ஆங்கில எழுத்தில் எழுதிய உருதுவில், இருப்பதை மொழிபெயர்க்க 7,000. எல்லாம் ஜிபேயில். லண்டனில் இருக்கிற பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் (இந்தியாவை நிர்வகித்த பிரிட்டிஷ் அரசுத் துறை) ஆவணங்கள் இருப்பது நிஜம். ஆனால் சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பணிப் பதிவேடுகள் அங்கே கிடையாது, அவை படைப்பிரிவுகளிடமே இருந்தவை. அங்கே இருக்கும் மெட்ராஸ் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளும் பெரும்பாலும் ஐரோப்பியர்கள், ஆங்கிலோ இந்தியர்களுடையவை. இல்லாத பதிவேட்டுக்கு 20,000 வாங்கியிருக்கிறார். ஏன் தாமதம் என்று கேட்டால் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலைச் சொன்னார். அது 2023 அக்டோபரில் நடந்தது உண்மைதான், அதைக்கூட விடவில்லை.

கடைசியில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு கத்தை வந்தது. முக்கால்வாசி படைகளின் பொது வரலாறு. மிச்சத்தில் எங்கள் தாத்தா என்று ஒருவரைக் காட்டியிருந்தார்கள்: 63-ஆம் பாளையங்கோட்டை காலாட்படை, 1914 நவம்பரில் டாங்கா சண்டையில் மரணம், தஞ்சாவூர் ஜில்லா. பெயர் மட்டும்தான் ஒன்று. படை வேறு, எண் வேறு, செத்த இடம் வேறு. அதைவிடக் கொடுமை, அந்தக் கைக்குழந்தை, அதாவது அம்மாவின் அப்பா, பிறந்தது 1916-ல்! 1914-ல் இறந்தவருக்கு 1916-ல் எப்படிக் குழந்தை பிறக்கும் என்று கேட்டேன். "அந்தக் காலத்து சர்டிபிகேட்ல தேதி எல்லாம் தப்பாதான் இருக்கும் மேடம்" என்கிறார். ஆயாவின் மானத்தையே கேள்வியாக்குகிற பேச்சு இது, அது கூட உறைக்கவில்லை.

அதற்கப்புறம் போன் எடுப்பது வேறு யாரோ. "சார் மீட்டிங்ல இருக்கார்." "சார் டெல்லி ஆர்க்கைவ்ஸ் போயிருக்கார்." "நீங்க எமோஷனலா பேசறீங்க மேடம்." வாட்ஸாப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால், நாங்கள் உழைப்புக்குத்தான் காசு வாங்குகிறோம், முடிவுக்கு உத்தரவாதம் இல்லை என்று ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார்கள். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்றார்கள்.

என் அண்ணன் பையன் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடினான். நம் நந்தம்பாக்கம் போர்க்கல்லறையைப் பராமரிப்பவர்கள்தான். தேட ஒரு பைசா கட்டணம் இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டு, பதக்க விளிம்பில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டதில் கிடைத்தே விட்டார். பஸ்ரா நினைவுச்சின்னம், மெட்ராஸ் சாப்பர்ஸ், அப்பா பெயர், வாலாஜா தாலுகா, வட ஆற்காடு. அந்த நினைவுச்சின்னத்தின் கல்லில் இந்தியர்களில் அதிகாரிகளின் பெயரை மட்டும்தான் பொறித்தார்கள், சிப்பாய்களைப் படைவாரியாக வெறும் எண்ணிக்கையாக விட்டுவிட்டார்கள். ஆனால் பதிவில் பெயர் இருக்கிறது. இலவசமாக இருக்கிறது. இதற்கா 42,000?

தேடுகிறவர்களுக்கு விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. பதக்கத்தையோ தகட்டையோ யாரிடமும் கொடுக்காதீர்கள். விளிம்பில் உள்ள எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் வைத்து யார் எதைக் காட்டினாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் இருக்கும் அவர்களுடைய மையத்துக்கு நீங்களே கடிதம் போடுங்கள். லண்டன் கட்டணம் என்றால் அந்தக் காப்பகத்தின் ரசீதைக் கேளுங்கள். பணம் போன உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு போன் அடியுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் ஜிபே விவரத்தையும் அந்த ஸ்பைரல் கத்தையையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். வேலூர்க்காரர் சேர்ந்துவிட்டார்.