சென்னை–மதுரை: விமானத்தில் போனால் எவ்வளவு நேரம் மிச்சம்?

சென்னை விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் வழியாக வளைந்து போகும் ரயிலுக்கோ 493 கிலோமீட்டர். தூரத்தில் இவ்வளவுதான் வித்தியாசம். நேரத்தைப் பற்றிப் பேசும்போதுதான் வீட்டில் சண்டை வருகிறது.

இந்தத் தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். வாய்ப்பாட்டுக் கணக்கில் 50 நிமிடம். டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மேலே ஏறுவதும், வரிசையில் காத்திருந்து இறங்குவதும் அதில் அடக்கம். இன்னும் வேகமான ஜெட் விமானத்தாலும் இங்கே பெரிய லாபமில்லை. முழு வேகத்தை எட்டிய கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிட வேண்டும்.

டிக்கெட்டில் இல்லாத நேரத்தையும் கூட்டுவோம். மயிலாப்பூரிலிருந்து சிம்மக்கல்லுக்குப் போகிறோம். மீனம்பாக்கத்துக்கு முக்கால் மணி, அங்கே காத்திருப்பது ஒன்றரை மணி, பயணம் ஒன்றேகாலுக்கு மேல், பெட்டி வர அரை மணி, மதுரையில் ஊருக்குத் தெற்கே இருக்கும் விமான நிலையத்திலிருந்து இன்னொரு முக்கால் மணி. மொத்தம் ஐந்து மணி நேரத்தை நெருங்குகிறது.

வந்தே பாரத் எழும்பூரிலிருந்து மதுரைக்கு ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ பிடித்தால் சிம்மக்கல் பத்து நிமிடம். வீட்டிலிருந்து வீட்டுக்கு ஆறரை மணி நேரம். ஆக, ஓடும் நேரத்தை மட்டும் பார்த்தபோது நாலரை மணி நேரமாகத் தெரிந்த லாபம் ஒன்றரை, ஒன்றே முக்காலாகச் சுருங்கிவிட்டது. ரயிலுக்கும் ஒரு குறை உண்டு. நாகர்கோவில் வந்தே பாரத் அதிகாலை ஐந்து மணி வாக்கில் புறப்படுகிறது. அதைப் பிடிக்க மெட்ரோவை நம்ப முடியாது. தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு, அங்கேயே நின்று ஏற்றிக்கொள்கிறது. பிற்பகலில் கிளம்பும் திருநெல்வேலி வண்டி இன்னும் வசதி. இரவுச் சாப்பாட்டுக்கு மதுரை போய்ச் சேரலாம்.

பகல் ரயிலான வைகை எக்ஸ்பிரஸைப் பற்றி ஒரு வார்த்தை. 1977-இல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கியபோது ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டது. அகலப்பாதை வந்து, மின்சாரம் வந்து, இன்றும் ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகிறது! பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் ஆசை இருந்தால் தாராளமாக ஏறலாம்.

என் ஓட்டு இரவு ரயிலான பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு. இரவு ஒன்பதரைக்கு மேல் புறப்பட்டு விடியற்காலையில் மதுரை. கடிகாரத்தில் எட்டு மணி நேரம் ஓடினாலும், விழித்திருக்கும் நேரத்தில் ஒரு மணி கூடப் போவதில்லை. ஆனால் பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் முன்பதிவு திறந்தவுடனே படுக்கைகள் தீர்ந்துவிடும். அந்த நாட்களில் விமானக் கட்டணமும் எகிறித்தான் கிடக்கும்.

காலையில் போய் வேலை முடித்து அன்றிரவே திரும்ப வேண்டியவருக்கும், வெளிநாட்டிலிருந்து சென்னையில் வந்து இறங்கி அங்கேயே விமானம் மாறுகிறவருக்கும் விமானம்தான் சரி. மேலூர்க்காரருக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினால் மதுரைக்கு முன்பே ஊர் வந்துவிடும்.