அப்பாயி விளக்கைச் சரிசெய்து கொடுத்த நாச்சியார்கோயில் பட்டறை

அப்பாயியின் முதல் வருஷ திவசத்துக்கு, அவங்க சீதனமாகக் கொண்டுவந்த குத்துவிளக்கைத்தான் ஏற்ற வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். ஆனால் தண்டில் திருகிப் பூட்டும் மரை தேய்ந்துபோய், எண்ணெய் ஊற்றினாலே தட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் "எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கங்க" என்றார்கள், மனசு கேட்கவில்லை.

நாச்சியார்கோயிலில் இந்தச் சின்னப் பட்டறையில் அந்தப் பேச்சே இல்லை. இங்கே அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியில் வரும் பிரபை என்று தனித்தனியாக வண்டல் மண் அச்சில் வார்த்து, கடைந்து, மரையில் பூட்டுகிறார்கள். அதனால் பழுதான தண்டை மட்டும் புதிதாக வார்த்து மாட்ட முடிந்தது. அப்புறம், மேலே இருக்கும் அன்னத்தை மட்டும் மெருகு போட வேண்டாம், அப்பாயி வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கிய அலகு அது, அப்படியே இருக்கட்டும் என்றேன். பெரியவர் "சரி தம்பி" என்று தொடாமலே விட்டார். அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

சொன்ன தேதிக்குத் தரவில்லை, திவசத்துக்கு முதல் நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது, அதனால் விளக்கை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கூலி நியாயம். பித்தளையைக் கண்ணெதிரே எடைபோட்டுத்தான் கணக்குச் சொல்கிறார்கள், கேட்டால் பழைய தண்டையும் திருப்பித் தருகிறார்கள்.