ஆறு வருடமாகக் காதில் ஓடும் பழைய விண்வெளி நாடகங்கள்: அந்த இசை இன்னும் தாங்குகிறதா?

ராத்திரி படுத்தால் காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் எனக்கு. ஆறு வருடத்துக்கு முன் அப்படிச் சிக்கியதுதான் ‘எக்ஸ் மைனஸ் ஒன்’. 1955 முதல் 1958 வரை அமெரிக்காவின் என்.பி.சி. வானொலியில் வந்த அறிவியல் புனைவு நாடகத் தொடர். ஒவ்வொன்றும் அரை மணி நேரம், மொத்தம் 120-க்கு மேல். அதை முடித்ததும் அதன் அண்ணனான ‘டைமென்ஷன் எக்ஸ்’, அப்புறம் பிபிசி-யின் ‘ஜர்னி இன்டு ஸ்பேஸ்’ என்று பழக்கம் முற்றிவிட்டது. நாலாவது தடவை கேட்கும்போது கதையில் புதிதாக ஒன்றும் இருக்காது. அப்போதுதான் பின்னால் ஓடும் இசை காதில் விழ ஆரம்பிக்கும். அதனால் இங்கே இசையைப் பற்றி மட்டும்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வசனம் கிசுகிசுப்பாக இருக்கும். கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினால், காட்சி மாறும் இடத்தில் ‘ஜாங்’ என்று ஓர் அடி விழும். நம் மெகா சீரியலில் மாமியார் முகத்தை மூன்று தடவை காட்டும்போது வருமே, அதன் தாத்தா இது. தூங்கப் போகிறவருக்கு இது கொடுமை. அந்தக் கால அமெரிக்க வானொலி நாடகங்கள் பலவற்றில் வாத்தியக் குழுவின் வேலையை ஒரே ஆர்கன் பார்த்துக்கொண்டது, செலவு மிச்சம். அது பயத்துக்கும் அதே குரல், காதலுக்கும் அதே குரல்.

இன்னொன்று, எதிர்காலம் என்று காட்டுவதற்காகச் சேர்த்த மின்னணு ஊளைகள். முதல் மாதம் மயிர்க்கூச்செறிந்தது. ஒரு வருடத்தில் சிரிப்பு வந்தது. இப்போது காதில் ஏறுவதே இல்லை. விதிவிலக்கு ‘ஜர்னி இன்டு ஸ்பேஸ்’. சார்ல்ஸ் சில்டன் எழுத, வான் ஃபிலிப்ஸ் இசையமைக்க, 1953-ல் தொடங்கியது. ராக்கெட் கிளம்பும் அந்த முகப்பு இசையை இன்றுவரை நான் தள்ளிவிட்டுக் கேட்டதில்லை.

ஆறு வருடத்தில் தேயாமல் நின்றது எது என்று பார்த்தால், எல்லாம் சாதாரண இசைதான். 1938 அக்டோபர் 30, சிபிஎஸ் வானொலியில் ஆர்சன் வெல்ஸ் நடத்திய ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ எல்லாரும் கேள்விப்பட்டதுதான், செவ்வாய்வாசிகள் பூமியைத் தாக்குவதை நேரடிச் செய்தி போலச் சொன்ன நாடகம். அந்தச் செய்தி அறிக்கை பாணியைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அதில் நடன இசைதான் பெரிய விஷயம். நியூயார்க் ஹோட்டல் ஒன்றிலிருந்து ராமோன் ரக்கேயோ குழுவின் நேரடி நிகழ்ச்சி என்று அறிவித்து ‘லா கும்பர்சீட்டா’ டாங்கோவை வாசிக்கிறார்கள். நிகழ்ச்சியும் கற்பனை, ரக்கேயோவும் கற்பனை. உண்மையில் ஸ்டூடியோவில் வாத்தியக் குழுவை நடத்திக்கொண்டிருந்தவர் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன். பாட்டு நடுவே குறுக்கிட்டு, செவ்வாயில் வெடிப்பு தெரிகிறது என்று சொல்லிவிட்டு, மறுபடி பாட்டுக்கே போகிறார்கள். கேட்பவருக்குப் பாட்டு மேலேயே எரிச்சல் வர வேண்டும், அதுதான் திட்டம். அப்புறம் செவ்வாய்வாசிகள் வந்திறங்கும் குரோவர்ஸ் மில் என்ற ஊரில் செய்தியாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்து, சில விநாடி ஒன்றுமே இல்லை. தவிர்க்க முடியாத காரணங்களால் ஒலிபரப்பு தடைப்பட்டது என்று மன்னிப்பு, அடுத்து வேறொரு சின்னச் செய்தி, பிறகு பியானோ. அங்கே ஆள் எரிந்து போயிருக்கிறான், இங்கே ஒருவர் நிதானமாகப் பியானோ வாசிக்கிறார். எந்த ஊளையும் இந்த வேலையைச் செய்யாது.

‘டைமென்ஷன் எக்ஸ்’ வரிசையில் 1950 ஜூனில் வந்த ‘தி கிரீன் ஹில்ஸ் ஆஃப் எர்த்’ இன்னொன்று. அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் ஹெய்ன்லைனின் கதை. கதிர்வீச்சில் கண் போன விண்வெளித் தொழிலாளி ரைஸ்லிங், கப்பல் கப்பலாகப் பாடித் திரிகிறான். நாட்டுப்புறப் பாடகர் டாம் கிளேசரின் மெட்டுகள், துணைக்கு ஒரு கிதார், அவ்வளவுதான். கடைசியில் எஞ்சின் அறையில் சாகப்போகும் நேரத்தில் பூமியைப் பற்றிப் பாடும் இடத்தில் நான் இன்னும் தூங்கியதில்லை. 1978-ல் பிபிசி-யில் டக்ளஸ் ஆடம்ஸ் தன் ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ என்ற விண்வெளி நகைச்சுவைத் தொடருக்கு ஈகிள்ஸ் ராக் குழுவின் பான்ஜோ இசையை முகப்பாக வைத்தாரே, அதுவும் இந்த ஜாதிதான் என்பேன்.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாஸ் அதிகமுள்ள விலை உயர்ந்த ஹெட்போன் வேண்டாம். பழைய தட்டுகளில் இருந்து வந்த ஒலி இது, இரைச்சல்தான் பெரிதாகும். இரண்டு வாங்கி ஏமாந்த பிறகு, இப்போது செல்போனிலேயே உள்ள ஸ்பீக்கரைக் குறைந்த ஒலியில் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன். அதனால் வீட்டுக்காரிக்கும் கேட்கும். போன வாரம் அந்த டாங்கோ ஓடியபோது, “இது நல்லா இருக்கே, முழுசா விடுங்க” என்றாள். விட மாட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? சும்மா இருந்தேன். அறிவிப்பாளர் குறுக்கே வந்ததும், “ச்சே, யாரு இவன் நடுவுல?” என்றாள்.